கீரைக் கூடையில் போன தாளம்

யூலலீ பின்னக்குக்கு ரெகே பாட்டு பிடிக்காது. அந்தப் பாட்டு பிறந்த ஜமைக்காவில், கிங்ஸ்டனின் மேற்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, அதுவும் ஒரு பேஸ் கிட்டார்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, இதை வெளியே சொல்வதற்கே தைரியம் வேண்டும். அவள் சொன்னாள். சந்தையில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள். புருஷன் லாசல்ஸின் கூட்டாளிகள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொன்னாள்.

"ஒரே தாளத்த நாள் பூரா அடிச்சிட்டு இருக்கீங்க. அடுப்புல வெச்ச கஞ்சி கூட ஒரு நேரத்துல பொங்கும். உங்க பாட்டு பொங்கவே மாட்டேங்குது."

கூட்டாளிகள் சடையை ஆட்டிச் சிரித்துவிட்டு, அவள் பொரித்து வைத்த மாவுருண்டைகளைத் தின்று தீர்ப்பார்கள். திட்டுகிறவள்தான் அடுத்த தட்டையும் கொண்டுவந்து வைப்பாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. நெடிய உருவம். கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும். யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். வியாபாரம் கீரை. கலலூ என்கிற தண்டுக்கீரை, வெங்காயத்தாள், தைம் இலை, காரமான குண்டு மிளகாய். வாரத்தில் மூன்று நாள் பெரிய சந்தையில் கடை. செவ்வாயும் வெள்ளியும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். எல்லாரும் அவளை மிஸ் யூலா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் போகிற வழியின் நடுவில் ஸ்டெர்லிங் தெரு குறுக்கே ஓடியது. அதற்கு மேலே இருப்பவர்கள் ஒரு கட்சி, கீழே இருப்பவர்கள் இன்னொரு கட்சி. எப்போது அப்படிப் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். பல வருஷம் அது வாய்ச்சண்டையாகத்தான் இருந்தது. கல்யாணம் காரியத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். 1980 தேர்தல் வருஷம். அந்த வருஷம் இரண்டு பக்கத்துக் கைகளிலும் துப்பாக்கி வந்துவிட்டது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சு விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்துக்குள், தெருவின் இரண்டு கரையிலும் இரும்புக் கட்டில்களையும் பழைய ஐஸ் பெட்டிகளையும் எரிந்த கார் ஒன்றையும் இழுத்துப் போட்டு அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆம்பளை எவனும் ஸ்டெர்லிங் தெருவைத் தாண்டவில்லை. பொம்பளைகளும் பயந்து நின்றுவிட்டார்கள். கீரைக்காரி மட்டும் போனாள். இரண்டு பக்கமும் சட்டியில் ஏதாவது போட்டாக வேண்டுமே. அதனால் அவளை விட்டார்கள்.

அடைப்பதற்கு நாலு நாள் முன்புதான் லாசல்ஸும் அவன் ஆட்களும் ஒரு தாளத்தைப் பதிவு செய்திருந்தார்கள். மேல்பக்கத்தில் செவன்னஸ் என்பவரின் செருப்புக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, பழைய நாலு டிராக் டேப் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ஸ்டுடியோ நடத்தினார். டிரம்ஸ்காரனும் ஆர்கன்காரனும் கீழ்ப்பக்கம், லாசல்ஸும் கிட்டார்காரனும் மேல்பக்கம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். டிரம்ஸும் பேஸும் பூட்டிக்கொண்டு போகிற அந்த அடிக்கட்டுமானத்தை அங்கே ரிதம் என்பார்கள். பாடகன் பிறகு வந்து அதன்மேல் ஏறி உட்காருவான். இந்த ரிதம் கிளேஸ்டர் ஃபெரன் என்ற கொத்தனாருக்காகப் போட்டது. கிளேஸ்டர் லாசல்ஸின் உயிர்ச் சினேகிதன், கீழ்ப்பக்கத்துக்காரன். சிமெண்டுச் சட்டி தூக்குகிற உடம்பு. குரல் மட்டும் மெல்லிசாக, உயரமாக எழும்பும். திங்கட்கிழமை வந்து பாடுவதாக இருந்தான். ஞாயிறன்று தெரு மூடிக்கொண்டது.

லாசல்ஸ் அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்த வாரம் இருந்த பேச்சும் நின்றுபோனது. ரிதத்தின் நகலை ஒரு கேசட்டில் போட்டு, முற்றத்து மாமரத்தடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். யூலலீ பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ ஓடும்போது அவள் கை நின்றது.

"இது எங்க சர்ச்சுப் பாட்டுல்ல?"

லாசல்ஸ் டேப்பைத் திருப்பி மறுபடி ஓடவிட்டான்.

"தலகீழா கவுத்துப் போட்டிருக்க. மெதுவாக்கி, கவுத்து. திருட்டுப்பய வேல."

"திருடல யூலா. நீ கீரை கட்டும்போது தெனமும் அத முனகுற. கேட்டுக் கேட்டு என் வெரலுக்கு வந்துருச்சு."

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முதல் அடியில் பேஸ் வாயைத் திறக்காது. அங்கே ஒரு சின்ன வெற்றிடம். பிறகு அவளுடைய ஞானப்பாட்டு கீழிருந்து, மண்ணுக்கடியில் நடந்து வருகிற மாதிரி வந்தது. பாட்டு பொங்கவில்லைதான். ஆனால் அது பொங்க வேண்டிய பாட்டு இல்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. இதைப் பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டாள்.

"கிளேஸ்டரால இங்க வர முடியாதுன்னா என்ன? டேப்பு அங்க போகட்டும்" என்றாள்.

லாசல்ஸ் வேண்டாம் என்றான். செவன்னஸும் வேண்டாம் என்றார். பிடிபட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்கள். உள்ளதைச் சொல்வேன், அதுக்கு என்ன, என்றாள்.

கீழ்ப்பக்கத்தில் டாக் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஊரில் எந்தப் பெட்டி நின்றுபோனாலும் பிழைக்க வைப்பார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவரிடம் இரண்டு டேப் மெஷின் இருந்தன. ஒன்றில் ரிதத்தை ஓடவிட்டு, அதோடு பாடகன் குரலையும் சேர்த்து இன்னொன்றில் பதிந்துவிடலாம். செவன்னஸ் ரிதத்தை ஒரு டேப் சுருளில் நகலெடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை யூலலீ அதை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே கீரையை அடுக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கீழ்ப்பக்கத் தடுப்பில் அன்று காவல் இருந்தவன் பெயர் ஸ்பேனர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். வேலை போய், துப்பாக்கி வந்தவன். எப்போதும் மேலாகக் கையைவிட்டுப் பார்ப்பவன் அன்று அடிவரை துழாவினான்.

"இது என்ன மிஸ் யூலா?"

"பாட்டு."

"யாரு பாடினது?"

"இன்னும் யாரும் பாடல."

இந்தப் பதில் அவனுக்குப் பிடிபடவில்லை. மேல்பக்கத்து ஆட்கள் யாருக்கோ ரகசியச் செய்தி அனுப்புகிறார்கள், அதை இவள் சுமக்கிறாள் என்றே நினைத்தான். சுருளை எடுத்துக்கொண்டு அவளை முன்னால் நடக்கவிட்டு டாக்கின் கடைக்குப் போனான். போட்டுக் காட்டுங்கள், எல்லார் முன்னாலும் போடுங்கள் என்றான். டாக்கின் இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் எப்போதும் கடை வாசலில் தெருவைப் பார்த்து நிற்கும். அவற்றில் ரிதம் கிளம்பியது.

எதிரே தண்ணிக்குழாய். வாளிகளோடு முப்பது பேர் வரிசை. டிரம்ஸ் ஓடுகிறது, பேஸ் ஓடுகிறது, ஒரு செய்தியும் வரவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. ஸ்பேனர் சுருளையே முறைத்துக்கொண்டிருந்தான். அப்போது வரிசையில் நின்ற மெர்டெல் என்கிற இஸ்திரி போடும் பெண், வாளியைத் தட்டிக்கொண்டு சும்மா வாய்க்கு வந்ததைப் பாட ஆரம்பித்தாள். குழாய் தொண்டை கட்டிப்போன கதை, ஒருநாள் விட்டு ஒருநாள் சொட்டுகிற கதை, ஓட்டு கேட்டு வந்தவர் கையலம்பக் கேட்டபோது தண்ணி இல்லாமல் முழித்த கதை. வரிசை சிரித்தது. நாலாவது அடியில் வரிசையும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் குழாயில் உண்மையாகவே தண்ணி வந்ததைக்கூட முதலில் யாரும் பார்க்கவில்லை.

ஸ்பேனர் சுருளை டாக்கிடமே விட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். டாக் ஓடிவந்து மெர்டெலின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார், வாளியோடுதான் போனாள். பாதி பதிந்துகொண்டிருக்கும்போது கிளேஸ்டர் கட்டட வேலையிலிருந்து சுண்ணாம்புக் கையோடு வந்து சேர்ந்தான். தனக்காகப் போட்ட ரிதத்தின்மேல் வேறொருத்தி பாடுகிறாள். யூலலீக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவனோ வாசற்படியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டான்.

"பாடட்டும் மிஸ் யூலா. எனக்கு இன்னும் வார்த்த வரல. இந்த ரிதத்துக்குக் கண்டதையும் பாடக் கூடாது" என்றான்.

இப்படித்தான் அது ஒரு பாட்டாக முடியாமல் போனது. வெள்ளிக்கிழமை அவள் மெர்டெலின் பாட்டை மேலே கொண்டுவந்தாள். செவன்னஸின் கடையில் அதைக் கேட்ட மேல்பக்கத்துப் பாடகர்களுக்குப் பொறுக்கவில்லை. நம்ம ஆள் போட்ட பேஸ், நம்ம அறையில் பிறந்த ரிதம், அதில் கீழ்ப்பக்கத்துக்காரி பாடுவாள், நாம் கேட்டுக்கொண்டு நிற்பதா என்று கிளம்பினார்கள். கோழிக்கடை ஆல்வின் அன்றைக்கே மைக்குக்கு முன்னால் போய் நின்றான். மேல்பக்கத்தில் மட்டும் என்ன பாலாறா ஓடுகிறது, எங்கள் வாளியிலும் ஓட்டைதான், உன் குழாயும் என் குழாயும் ஒரே பைப்புக்குப் பிறந்த அக்கா தங்கச்சிதானே என்று மெர்டெலுக்குப் பதில் பாடினான். செவ்வாய்க்கிழமை அது கீழே போயிற்று. கீழே இருந்து அதற்கொரு பதில் வந்தது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க யூலலீயின் கூடையில் கீரைக்கு அடியில் பாட்டு மேலும் கீழுமாகப் போய்வந்தது. ஒருவன் ஊரடங்கைப் பாடினான். ஒரு கிழவர், அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக மைக்கைப் பார்த்தவர், கடலுக்கு அப்பால் இருக்கும் ஆப்பிரிக்காவை நேற்றுத்தான் விட்டுவந்த வீட்டைப்போல் பாடினார். ஸ்டெர்லிங் தெருவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட காதலியை நினைத்து ஒருவன் பாடினான். அந்தக் காதலி யார் என்று கண்டுபிடிக்கக் கீழ்ப்பக்கத்தில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. எல்லாவற்றுக்கும் அதே டிரம்ஸ், அதே பேஸ், முதல் அடியில் அதே மூச்சுவிடும் இடம். ஒரே ரிதம்தான், ஆனால் ஒருவர் வாயில் அது அழுதது, இன்னொருவர் வாயில் அது வம்புக்கு இழுத்தது.

கூடவே யூலலீ ஒரு சட்டமும் போட்டாள். கட்சிப் பெயர் வரும் பாட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டாள். துப்பாக்கியைப் பெருமையாகச் சொல்லும் பாட்டையும் எடுக்க மாட்டாள். பாடி முடித்ததும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்பாள். பிடிக்காவிட்டால் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மேல்பக்கத்தில் ஒருவன், நல்ல பேர் வாங்கிய பாடகன், "ஒரு வரிதான மிஸ் யூலா, யாரு கவனிக்கப் போறா?" என்று கெஞ்சினான்.

"என் தல கவனிக்கும். அது என் தலமேலதான் போவுது" என்றாள்.

அவன் வரியை மாற்றினான். அப்படி மாற்றிய வரிதான் பிற்பாடு சந்தையில் எல்லார் வாயிலும் கிடந்தது.

செப்டம்பரில் மேல்பக்கத் தடுப்புக்குப் புது ஆட்கள் வந்தார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு மிஸ் யூலாவும் தெரியாது, அவள் கீரையைச் சாப்பிட்ட பழக்கமும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் பன்னிரண்டு ஆகியிருக்கும், அவள் கீழேயிருந்து திரும்பிவந்து தெருவின் நடுவை எட்டும்போது சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் வெளியே வந்து கூடையை இறக்கச் சொன்னான். அன்றைக்கு அடியில் இருந்த சுருளில் மூன்று பாட்டு இருந்தது. மெர்டெல் பாடியதன் மூலப்பதிவுகூட அதில்தான். முன்பு மேலே போன நகல் ஓடி ஓடித் தேய்ந்துபோனதால் செவன்னஸ் கேட்டார் என்று டாக் அனுப்பியிருந்தார். இதற்கெல்லாம் வேறு நல்ல நகல் கிடையாது.

அவள் பாட்டு என்று சொன்னாள். அவன் நம்பவில்லை. எதிரிக்குத் தூது போகிறாயா கிழவி என்று கேட்டு, சுருளைப் பிடுங்கி, ரிப்பனின் நுனியைப் பிடித்துக்கொண்டு தெருவோடு உருட்டிவிட்டான். அது வெயிலில் பளபளத்துக்கொண்டு ஓடி, சாக்கடை ஓரம் போய்ச் சாய்ந்தது. காற்று வேறு. ஐம்பது கஜம் நீளத்துக்கு ரிப்பன் நெளிந்து, முடிச்சு விழுந்து கிடந்தது. கீரைக்கட்டுகளையும் காலால் எத்தினான். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய்விட்டான்.

யூலலீ அழவில்லை, கத்தவில்லை. போய்ச் சுருளை எடுத்தாள். தெரு நடுவில், அந்த எரிந்த காரின் நிழலைக்கூடத் தேடாமல், காலை நீட்டி உட்கார்ந்தாள். பாவாடையை விரித்து ரிப்பனை மடியில் சேர்த்துக்கொண்டு, பெருவிரலைச் சுருளின் நடுத்துளையில் கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். டாக் சுற்றுவதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். பளபளப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும், முறுக்கு விழக் கூடாது. கொஞ்சம் சுற்றுவாள், முடிச்சு வரும், நகத்தால் நெகிழ்த்துவாள், தலைத்துணியின் நுனியால் மண்ணைத் துடைப்பாள், திரும்பவும் சுற்றுவாள்.

நாலு மாதமாக அந்த இடத்தில் யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. மேலேயும் கீழேயும் ஜன்னல்கள் திறந்தன. மேல்பக்கம் செவன்னஸும் லாசல்ஸும் ஓடிவந்தார்கள், தடுப்புக்காரர்கள் விடவில்லை. லாசல்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், "சத்தம் போடாத லாசல்ஸ், எண்ணிக்க தப்புது" என்றாள். என்ன எண்ணினாள் என்று யாருக்கும் தெரியாது.

கால் மணி நேரம் போயிருக்கும். கீழ்ப்பக்கத்திலிருந்து ஸ்பேனர் வெளியே வந்தான். துப்பாக்கி இல்லை. சட்டையைக் கழற்றி, இரண்டு கையையும் எல்லாரும் பார்க்கும்படி மேலே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தான். மேல்பக்கத்தில் துப்பாக்கிகள் அவனை நோக்கித் திரும்பின. அவன் வந்து அவள் எதிரே குந்தினான்.

"நீங்க சுத்துங்க மிஸ் யூலா. நான் சிக்கெடுக்குறேன்."

"கை அழுக்கா இருந்தா தொடாத" என்றாள் அவள்.

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் தொட்டான். மெக்கானிக் விரல்கள். எந்த முடிச்சையும் இழுக்காமல் பிரிக்கத் தெரிந்தவை. இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. முடிந்ததும் அவள் எழுந்து, சிதறிய கீரையில் மிதிபடாததை மட்டும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தாள். சிவப்புத் தொப்பிக்காரன் கட்டிலை நகர்த்தி வழிவிட்டான். செவன்னஸின் அறைக்குப் போய்ச் சுருளை மெஷினில் போட்டபோது மூன்று பாட்டும் இருந்தன. மெர்டெலின் பாட்டில் ஓரிடத்தில் மட்டும் ரிப்பன் மடிந்த தழும்பு. அந்த இடம் வரும்போது குரல் ஒரு கணம் தண்ணிக்குள் முங்கி எழுகிற மாதிரி இருக்கும். இசைத்தட்டு வெளிவந்த பிறகு வேண்டுமென்றே செய்த வித்தை என்று அதைப் பலர் மெச்சினார்கள். எத்தனையோ பேர் அதைப்போல் செய்து பார்த்தார்கள், வரவில்லை.

ஒன்பது பாட்டு ஆகிவிட்டது. பத்தாவது கிளேஸ்டருடையது. அவனுக்கு வார்த்தை வந்துகொண்டே இருந்தது, வந்ததை அவனே வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வழியாக டாக்கின் கடைக்குப் போனான். ஹெட்போனை மாட்டினான். ரிதத்தை ஓடவிட்டு மைக்கைச் சோதித்தார்கள், பதிவு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினான். "டாக், பேஸ கொஞ்சம் கூட்டுங்க. லாசல்ஸ் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கணும்" என்றான். பிறகு இரண்டு அடி, வார்த்தை இல்லாமல், வெறும் குரலாக இழுத்தான். அப்போது மின்சாரம் போனது. அந்த வருஷம் அடிக்கடி போகும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். மறுநாள் காலை சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தபோது, யாரையோ குறிவைத்த குண்டு அவன்மேல் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டான்.

செய்தியை மேலே கொண்டுவந்ததும் யூலலீதான். அதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருந்தது. லாசல்ஸ் கேட்டான், எழுந்து போய் பேஸ் கிட்டாரை உறையில் போட்டு மூடினான். மூன்று வாரம் தொடவில்லை. சினேகிதனின் அடக்கத்துக்குப் போக அவனை விடவில்லை. அவள் போனாள், அவன் கொடுத்தனுப்பிய கறுப்புக் கைத்துணியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

தேர்தல் முடிந்தது. ஒரு கட்சி ஜெயித்தது. நவம்பரில் துப்பாக்கிச் சத்தம் குறைந்தது, நின்றுவிடவில்லை, குறைந்தது. தட்டாக அடிக்கலாம் என்று செவன்னஸ் ஆரம்பித்தார். சந்தைக்காரிகள் சேர்ந்து பிடித்த சீட்டில் அந்த மாத முறை யூலலீக்கு விழுந்திருந்தது. கூரை மாற்ற வைத்திருந்ததை எடுத்துத் தட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பத்தாவது இடத்தில் என்ன போடுவது என்றுதான் தகராறு வந்தது. வேறு நல்ல பாடகனை வைத்து முடித்துவிடலாம், பத்து பாட்டு இருந்தால்தான் தட்டு நிறைவாக இருக்கும் என்றார் செவன்னஸ். லாசல்ஸும் அரைமனசாக அதற்குத் தலையாட்டினான்.

"முடியாது" என்றாள் யூலலீ. "ரிதம் அவனுக்குப் போட்டது. மத்த ஒம்போது பேரும் அவன் வாசல்ல உக்காந்து பாடினவங்க. அவன் எடத்துல இன்னொருத்தன உக்கார வெக்க நமக்கு என்ன உரிம?"

"அப்போ வெறுமையா விடுறதா மிஸ் யூலா?"

"ஆமா. அவன் செருமினது இருக்குல்ல, டாக்கிட்ட பேசினது இருக்குல்ல. அத போடுங்க. அப்புறம் ரிதம் தானா ஓடட்டும்."

அப்படித்தான் போட்டார்கள். தட்டின் இரண்டாவது பக்கத்தில் கடைசியாக, ஒருவன் தொண்டையைச் செருமுகிறான், பேஸைக் கூட்டச் சொல்கிறான், இரண்டு அடி குரலை இழுக்கிறான். அதற்குப் பிறகு மூன்றரை நிமிஷம் டிரம்ஸும் பேஸும் மட்டும். பாட்டில்லாத ரிதத்தை ஒரு பக்கம் போடுவது அங்கே எல்லாரும் செய்கிறதுதான் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அட்டையில் எந்தப் பாடகர் எந்தப் பக்கம் என்று போடவில்லை. பெயர்கள் மட்டும், எழுத்து வரிசைப்படி. தயாரிப்பு இ. பின்னக் என்று, அவள் பெயரின் ஆங்கில முதலெழுத்தோடு, அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து ரேடியோ நிலையத்திலிருந்து ஒருவர் மிஸ்டர் பின்னக்கைப் பேட்டி காண வந்தார். அவரைச் சந்தைக்கு அனுப்பினார்கள். கீரைக்கடையில் இருந்த பெண் நான்தான் என்றதும், உங்கள் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டாராம். தைம் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம், கடைகள் மூடிய சந்தை மைதானத்தில் டாக் தன் ஸ்பீக்கர்களை நிறுத்தினார். மேலும் கீழும் சேராத இடம் அது ஒன்றுதான். ஏழு மாதம் ஒரே ரிதத்தில் ஒருவருக்கொருவர் பதில் பாடியவர்கள் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆல்வின் மெர்டெலைப் பார்த்து, பாட்டைக் கேட்டபோது இன்னும் உயரமாக இருப்பாய் என்று நினைத்தேன் என்றான். கோழி வெட்டுகிறவன் குரல் மாதிரியே இல்லை என்று அவளும் சொன்னாள். கிளேஸ்டரின் அம்மா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு வந்தது. மகன் செருமிய சத்தம் இரண்டு ஆள் உயர ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மா கையை உயர்த்தினார். அழப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் டாக்கைப் பார்த்து, அவன் கேட்டானே, பேஸைக் கூட்டு என்று சைகை காட்டினார். டாக் கூட்டினார். மூன்றரை நிமிஷம் ரிதம் ஓடியது. லாசல்ஸ் சந்தைத் தூணில் நெற்றியை வைத்து நின்றான். பல பேர் ஆடினார்கள். யூலலீ ஆடவில்லை. நேராக நின்று உதடு அசையப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஞானப்பாட்டின் வார்த்தைகளை, மெதுவாக, அந்தத் தாளத்துக்குள் வைத்துப் பாடினாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தட்டு சண்டையை நிறுத்தியது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பாட்டு எதையும் நிறுத்தவில்லை, ஆட்கள் களைத்துப்போனார்கள், அவ்வளவுதான் என்பாள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த மார்ச்சில் கீழ்ப்பக்கத்து டிரம்ஸ்காரன் தடுப்பைத் தாண்டி செவன்னஸின் அறைக்கு வந்தபோது யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஸ்பேனருக்கு டிப்போவில் பழைய வேலை கிடைக்கவில்லை; டாக்கின் கடையில் மெஷின்களைப் பழுது பார்க்கச் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தான்.

யூலலீ அதற்குப் பிறகு தட்டு எதையும் தயாரிக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், எனக்கு ரெகே பிடிக்காதே என்று சொல்லி அனுப்பினாள். கீரைதான் விற்றாள், இன்னும் பதினேழு வருஷம். மெர்டெல் பேர்பெற்ற பாடகியாகி, வெளிநாடெல்லாம் போய்ப் பாடி, மலைப்பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் காரை வெளியே நிறுத்திவிட்டு அவள் கடைக்கு வந்து நிற்பாள். கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்து, இளைத்துப்போயிருக்கிறதே, இன்னொரு கட்டு சேர்த்துப் போடுங்கள் என்று பேரம் பேசுவாள்.

"ரேடியோல பாடுறவளுக்குன்னு தனியா கீரை மொளைக்கல" என்பாள் யூலலீ. "வேணும்னா எடு, இல்லன்னா தள்ளி நில்லு. பின்னாடி ஆளு நிக்குது."

மெர்டெல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எடுத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தால் உள்ளே இரண்டு கட்டு இருக்கும்.